இறக்கை நுனியில் இரண்டு முளைகள்

அத்தியாயம் ஆறு

"முழுப் பிளேனையும் விட்டுட்டு இறக்கையை மட்டும் எடுத்துட்டுப் போயிருக்கான் பாஸ். கோழிக்கடைன்னு நெனச்சிட்டானா?" என்றாள் உஷாராணி.

திருச்செல்வம் சிரிக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த ராஜனும் சிரிக்கவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் மாலை கட்டும் கடைக்கு மேல்மாடியில் இருந்தது திருச்செல்வத்தின் துப்பறியும் அலுவலகம். ஓடிப்போன கணவர்கள், பொய்யாகக் கை ஒடிந்தவர்கள், காணாமல் போன நாய்கள் என்று எல்லா வழக்கையும் பார்த்த அறை. விமான இறக்கை இதுதான் முதல் தடவை.

உஷாராணி முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களைக் கண்டுபிடிக்கும் பிரிவில் இருந்தவள். வாய் அடங்கவில்லை என்று அங்கிருந்து அனுப்பினார்கள். அதே வாய்க்காகத்தான் திருச்செல்வம் அவளை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். அவள் லீவு போடும் நாட்களில் அந்த அறையும் அவருடைய வீட்டைப் போலவே ஆகிவிடும். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும்.

"இன்னொரு தடவை முதல்லேர்ந்து சொல்லுங்க ராஜன்" என்றார்.

ராஜன் கிள்ளானில் கார் ஏர்கான் பட்டறை வைத்திருப்பவர். வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் ரேடியோ கன்ட்ரோல் கிளைடர்தான். அதற்கு இன்ஜினும் கிடையாது, காற்றாடியும் கிடையாது. இறக்கை நுனியில் ஒரு சின்ன முளை துருத்திக்கொண்டிருக்கும். அதில் இரண்டு விரலை மாட்டி, வட்டெறிபவர் மாதிரி உடம்பை ஒரு சுற்றுச் சுற்றி வானத்தைப் பார்த்து வீச வேண்டும். பிறகு கையிலிருக்கும் ரேடியோவால் திருப்பித் திருப்பி, மேலே எழும் வெதுவெதுப்பான காற்றைத் தேடிப் பிடித்து அதிலேயே மிதக்கவிட வேண்டும்.

"கடையில வாங்குற இறக்கை சும்மா பறக்கும் சார். போட்டிக்குப் பத்தாது. நுனியைச் செதுக்கணும். கார்பன் துணி ஒட்டி உறுதியாக்கணும். பின் விளிம்பை அறுத்துக் கீல் போட்டு, பிரேக் மாதிரி கீழ இறங்க வைக்கணும். ஒரு வருஷ வேலை லா. வர்ற ஞாயித்துக்கிழமை போட்டி. என்கிட்ட வேற இறக்கை இல்ல."

"பிளேனோட உடம்பு?"

"உடம்பு வீட்டுலயே அச்சுல வார்த்தது. ரெண்டு செஞ்சோம்... செஞ்சேன். ஒன்னு என்கிட்ட இருக்கு. இன்னொன்னு என்கிட்ட இல்ல. இறக்கையில இருக்கிற போல்ட் ஓட்டை அந்த அச்சுக்குன்னே போட்டது. வேற எந்த உடம்புலயும் உக்காராது."

"எங்க வச்சிருந்தீங்க?"

"வீட்டு முன்னால ஸ்டோர்ல. பூட்டு உடையல."

திருச்செல்வம் பேனா மூடியைக் கழற்றினார். எதையும் எழுதாமல் மறுபடி மூடினார்.

உஷாராணி தன் கைப்பேசியை மேசைமேல் வைத்தாள். "இதைப் பாருங்கண்ணே. காப்பார் பக்கம் பறவைப் படம் எடுக்கிற கூட்டம் ஒன்னு ஃபேஸ்புக்ல இருக்கு. அதுல ஒருத்தர் பருந்தைப் படம் பிடிச்சிருக்காரு. பருந்துக்குக் கீழ ஒரு சொந்தக்காரர் பறக்குறாரு."

படத்தில் செம்பருந்து ஒன்று வட்டமடித்துக்கொண்டிருந்தது. அதற்குச் சற்றுக் கீழே, அதே சாய்வில், ஆரஞ்சுக் கோடு போட்ட வெள்ளைக் கிளைடர். தூரத்தில் மின் நிலையத்தின் புகைபோக்கிகள்.

ராஜன் எழுந்தே விட்டார். "இதான்! அந்தக் கோடு நான் அடிச்சது!" அப்புறம் கண்ணைச் சுருக்கினார். "ஆனா... பெக், அந்த முளை, வலது இறக்கையில இருக்கே."

"அதனால?"

"வலது கையால வீசுறவனுக்கு இடது இறக்கையிலதான் பெக் இருக்கணும் சார். என்னோடதுல அப்படித்தான் இருந்துச்சு. வலது இறக்கைக்கு மாத்தியிருக்கான்னா அவன் இடதுகைக்காரன். எங்க கிளப்புல இடது கையால வீசுற ஆள் ஒருத்தங்கதான். டாக்டர் மதுமிதா. போன வருஷம் என்கிட்ட தோத்தாங்க."

"இதுக்காகத் திருடுவாங்களா?"

"யாரா இருந்தா எனக்கென்ன? சாயந்திரத்துக்குள்ள இறக்கை வரலன்னா போலீஸ் ரிப்போட் போட்டுடுவேன்."

மாடிப்படியில் அவருடைய காலடி ஓய்ந்ததும் உஷாராணி கார்ச் சாவியை எடுத்தாள்.

"டாக்டர்னா என்ன டாக்டர்னு பாத்தேன் பாஸ். பல் டாக்டர். சந்தேகம்னு நேர்ல சொல்லிடாதீங்க. ஊசி அவங்க கையில இருக்கும். அதுவும் இடது கையில."

*

மதுமிதாவின் கிளினிக் கிள்ளானில் ஒரு துணிக்கடைக்குப் பக்கத்தில் இருந்தது. அவருக்கு நாற்பது வயதிருக்கும். விஷயத்தைக் கேட்டதும் கோபப்படவில்லை. உள்ளறைக்குக் கூட்டிப்போய், அலமாரிக்கு மேலே உறை போட்டுக் கிடந்த தன்னுடைய கிளைடரை இறக்கிக் காட்டினார்.

"இது வேற அச்சு. ராஜன் இறக்கையைக் கொண்டு வந்து நான் என்ன பண்றது? சுவத்துல மாட்டி வைக்கவா?"

"அப்படியும் சில பேர் செய்வாங்க டாக்டர்" என்றாள் உஷாராணி. "நான் பாத்த ஒரு கேஸ்ல ஆள் பக்கத்து வீட்டு கேட்டையே கழட்டிட்டுப் போயிட்டாரு."

மதுமிதா சிரித்துக்கொண்டே கைப்பேசியை வாங்கினார். பல் பார்க்கும் பூதக் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினார். சிரிப்பு நின்றது.

"ராஜன் அவசரத்துல பாதிதான் பாத்திருக்காரு. இடது நுனியைப் பாருங்க. அங்கயும் ஒரு பெக்."

"நிழல்னு நெனச்சோம்" என்றார் திருச்செல்வம்.

"நிழல் இல்ல. பழைய பெக் அப்படியே இருக்கு. புதுசா ஒன்னு வலது பக்கம் வச்சிருக்காங்க. இது ரொம்ப விநோதம் சார். போட்டிக்குப் பறக்குறவங்க இறக்கையில ஒரு ஸ்டிக்கர் ஒட்டக்கூட யோசிப்பாங்க. துருத்திட்டிருக்கிறது எதுவா இருந்தாலும் காத்துல இழுக்கும். நானா இருந்தா முதல் வேலையா அந்தப் பழைய பெக்கை வெட்டி எறிஞ்சிருப்பேன். அது எனக்கு எதுக்கு? நான் பொறந்ததுலேர்ந்து இடதுகை."

திருச்செல்வம் கைப்பேசியை வாங்கி இரண்டு நுனியையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அப்ப இது இடதுகைக்காரன் வேலை இல்ல. இவன் வலதுகைக்காரன். வலது கை இப்ப முடியல. அதனால இடது கைக்கு ஒரு பெக் வச்சிக்கிட்டான். ஆனா என்னைக்காவது வலது கை திரும்ப வரும்னு நம்பிட்டிருக்கான். அதான் பழசை வெட்ட மனசு வரல."

"எப்படி பாஸ் இவ்ளோ உறுதியா சொல்றீங்க?"

அவர் கைப்பேசியை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். பெர்த் நகரத்துக்கு மகளோடு போன மனைவி அங்கேயே தங்கிவிட்டு வருஷங்கள் ஆகின்றன. அவள் தலையணைக்கு அவர் இன்னும் வாரம் தவறாமல் உறை மாற்றிக்கொண்டிருக்கிறார். இது உஷாராணிக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

"டாக்டர், ராஜன் பேசும்போது 'ரெண்டு செஞ்சோம்'னாரு. உடனே 'செஞ்சேன்'னு மாத்திக்கிட்டாரு. அந்த 'செஞ்சோம்'ல இன்னொருத்தர் இருக்காரு. யாரு அது?"

மதுமிதா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"வேலாயுதம். ராஜன் சொல்லவே இல்லையா? ரெண்டு பேரும் எப்பவும் ஒன்னாத்தான் வருவாங்க. ஒருத்தர் வீசினா மத்தவர் பக்கத்துல நின்னு டைம் சொல்லுவாரு. போட்டியில அப்படித்தான், ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஆள் கூட நிக்கணும். வேலாயுதம் அரசாங்க மருத்துவமனையில மருந்துப் பிரிவுல இருக்காரு. போன வருஷக் கடைசியில மோட்டார் சைக்கிள்ல வரும்போது லோரி இடிச்சிடுச்சு. முதுகுல இறக்கையைக் கட்டிட்டு வந்தாரு. இறக்கையும் உடைஞ்சுது, வலது தோளும் உடைஞ்சுது."

"உடம்புப் பகுதி?"

"அது வீட்டுல இருந்திருக்கும்." சொல்லும்போதே அவருக்கும் புரிந்துவிட்டது. "கடவுளே..."

"கிளப்புல யாரும் அவரைப் போய்ப் பாக்கலையா டாக்டர்?" என்று கேட்டாள் உஷாராணி. அவள் குரலில் கிண்டல் இல்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போனோம். அப்புறம் ஒரு தடவை கிளப் சாப்பாட்டுக்கு வந்தாரு. அதுக்கப்புறம்... ஆளாளுக்கு வேலை." மதுமிதா கிளைடரை உறைக்குள் தள்ளினார். அது ஓரத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போக மறுத்தது.

*

காரில் ஏறியதும் திருச்செல்வம் ராஜனைக் கூப்பிட்டார்.

"வேலாயுதத்துகிட்ட உங்க ஸ்டோர் சாவி இருக்கா?"

"அவன் கைதான் போயிடுச்சே சார்" என்றார் ராஜன். "அவன் எடுத்திருப்பான்னு எனக்குத் தோணவே இல்ல."

"சாவி?"

"ஒன்னு இருந்துச்சு. நான் திருப்பிக் கேக்கல." குரல் உயர்ந்தது. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? நான் கொடுக்க மாட்டேன்னா சொல்லியிருப்பேன்? இருபது வருஷப் பழக்கம். திருட்டுப் பையன் மாதிரி வந்து எடுத்துட்டுப் போயிருக்கான். நான் இப்ப போலீஸ் ஸ்டேஷன் வாசல்லதான் நிக்கறேன்."

"அரசாங்க வேலையில இருக்காரு. கேஸ் ஆச்சுன்னா என்ன ஆகும்னு தெரியும்ல?"

"அது அவனுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"இருட்டுறதுக்கு முன்னாடி நான் கூப்பிடறேன். அதுவரைக்கும் வாசல்லயே நில்லுங்க. உள்ள போகாதீங்க."

தொடர்பு அறுந்தது.

உஷாராணி வண்டியைக் காப்பார் சாலையில் திருப்பினாள். முன்னால் கொள்கலன் லோரி ஒன்று ஆமையாய் ஊர்ந்தது. "நவுரு லா" என்று அதைப் பார்த்து முனகினாள்.

*

புகைபோக்கிகளின் கோணத்தைப் படத்தோடு ஒப்பிட்டு, இரண்டு தப்பான மண்பாதைகளில் போய்த் திரும்பி, கடைசியில் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். எண்ணெய்க்காக வளர்த்த பழைய செம்பனைகளை வெட்டிவிட்டு இன்னும் புதிதாக நடாத வெளி. கடல் காற்றில் உப்பும் சேறும் கலந்த வாடை. அந்த அகன்ற வெளியின் நடுவில் ஒரே ஒரு ஆள்.

ஐம்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். இடது கை விரலால் இறக்கை நுனியைப் பிடித்து உடம்பைச் சுற்றினார். சுற்று பாதியிலேயே தடுமாறியது. கிளைடர் உயரே போகாமல் பக்கவாட்டில் சரிந்து புல்லில் விழுந்தது. அவர் நடந்து போய் எடுத்தார். துடைத்தார். மறுபடி வந்து அதே இடத்தில் நின்றார். மறுபடி சுற்றினார். இந்த முறை அது மேலே ஏறியது. அவர் இரண்டு கையாலும் ரேடியோவைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தார். சீக்கிரமே அது இறங்கிவிட்டது.

பக்கத்தில் வரும்வரை அவர் இவர்களைக் கவனிக்கவில்லை. கவனித்ததும் பயப்படவும் இல்லை.

"ராஜன் அனுப்பினானா?" என்று கேட்டார்.

"ஆமா. நான் திருச்செல்வம். துப்பறியும் ஆபீஸ் வச்சிருக்கேன்."

"துப்பறியற அளவுக்கா போயிட்டான்?" வேலாயுதம் தரையில் உட்கார்ந்து, பையிலிருந்த திருப்புளியை எடுத்து இறக்கையின் போல்டைக் கழற்ற ஆரம்பித்தார். வலது கை முழங்கைக்குக் கீழே நன்றாகத்தான் வேலை செய்தது. தோள் மட்டும் அசையவில்லை. "எடுத்துட்டுப் போங்க சார். ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி நானே கொண்டு போய் வச்சிடணும்னுதான் இருந்தேன்."

"ஏன் ராஜன்கிட்ட கேக்கல?"

"கேக்கத்தான் போனேன்." போல்ட் ஒன்று கழன்று உள்ளங்கையில் விழுந்தது. "வாசல்ல நின்னு பெல் அடிக்கலாம்னு கையைக் கொண்டு போனேன். உள்ள கிளப் ஆளுங்க எல்லாம் இருந்தாங்க. நல்லா சிரிச்சுப் பேசிட்டிருந்தாங்க. நான் உள்ள போனா அந்தச் சிரிப்பு நின்னுடும் சார். கிளப் சாப்பாட்டுக்குப் போனப்ப அப்படித்தான் நின்னுச்சு. எல்லாரும் என் தோளைப் பாத்தாங்க, அப்புறம் தட்டைப் பாத்தாங்க. அதான் பெல் அடிக்கல. ஸ்டோர் சாவி பாக்கெட்ல இருந்துச்சு."

உஷாராணி அவர் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தாள். "தனியாவா கத்துக்கிட்டீங்கண்ணே, இடது கையால?"

"கூட யாரு இருக்கா? வீட்டுலயும் நான் மட்டும்தான்." அவர் வானத்தைப் பார்த்தார். "ஒரே ஒரு நாள் நல்லா போச்சு. பருந்து சுத்திட்டிருந்துச்சு. அதுக்குக் கீழ கொண்டு போய் விட்டேன். பிடிச்சிக்கிச்சு. ரொம்ப நேரம் மேலயே இருந்துச்சு தங்கச்சி. இறக்கினதும் திரும்பிப் பாத்தேன், எவ்ளோ நேரம்னு கேக்கறதுக்கு. பக்கத்துல யாருமில்ல. எவ்ளோ நேரம் பறந்துச்சுன்னு எனக்கே தெரியாது."

அந்த நாளின் படம்தான் தன் கைப்பேசியில் இருக்கிறது என்று உஷாராணி சொல்ல வாயெடுத்தாள். திருச்செல்வம் குறுக்கிட்டார்.

"தோள் சரியாயிடும் வேலாயுதம். நம்பிக்கையா இருங்க."

வேலாயுதம் நிமிர்ந்தார். "யார் சொன்னா? உள்ள இரும்பு வச்சிருக்கு சார். கை தலைக்கு மேல போகவே போகாதுன்னு முதல் மாசமே டாக்டர் சொல்லிட்டாரு. நான் ஆஸ்பத்திரியிலயே வேலை பாக்கிறவன். எக்ஸ்ரே பாக்கத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் பழைய பெக்கை வெட்டாம விட்டீங்க?"

கேள்வியே புரியாதவர் போல வேலாயுதம் அவரைப் பார்த்தார்.

"அது ராஜனோடது சார். அவன் வலது கையால வீசுறவன். அதை வெட்டிட்டா அவன் எதைப் பிடிச்சு வீசுவான்?"

காற்று புல்லைச் சாய்த்துவிட்டுப் போனது.

திருச்செல்வத்துக்கு முகம் சுட்டது. இத்தனை வருஷத் தொழிலில் தடயத்தைத் தப்பாகப் படித்தது உண்டு. ஆனால் தன் வீட்டுப் படுக்கையறையை இன்னொருவன் இறக்கையில் படித்தது இதுதான் முதல் தடவை. தனக்கென்று எதையும் எதிர்பார்க்காத ஒருவன், தன்னைப் பார்க்க வராத நண்பனுக்காக அந்த முளையை விட்டு வைத்திருந்தான்.

அவர் தள்ளிப் போய் ராஜனைக் கூப்பிட்டார். இருக்கும் இடத்தையும் பார்த்ததையும் சொன்னார். பெல் அடிக்காமல் போனதைச் சொன்னார். இரண்டு முளைகள் ஏன் என்பதையும் சொன்னார்.

அந்தப் பக்கம் வண்டிகள் போகும் சத்தம் கேட்டது. யாரோ மலாய் மொழியில் ஏதோ கேட்டார்கள். பிறகு தொடர்பு அறுந்தது.

"வாசல்லயா, உள்ளயா பாஸ்?"

"தெரியல."

வெயில் தூரத்துச் செம்பனை உச்சிகளுக்குக் கீழே இறங்கியது. வேலாயுதம் இறக்கையைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிளம்பலாமா என்று யாரும் கேட்கவில்லை. அப்போதுதான் மண்பாதையில் ஒரு வெள்ளை வண்டி வருவது தெரிந்தது. உஷாராணி எழுந்து நின்றாள். வேலாயுதமும் எழுந்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

போலீஸ் வண்டி இல்லை. பட்டறை வேன். ராஜன் மட்டும் இறங்கினார்.

அவர் வேலாயுதத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக வந்து இறக்கையை வாங்கித் துணியைப் பிரித்தார். வலது நுனியைத் திருப்பி, புதிய முளையைச் சுற்றி விரலால் தடவினார்.

"கார்பன் எத்தனை சுத்து போட்ட?"

"ஒன்னு."

"ஒன்னு எப்படிலா தாங்கும்? நீ வீசுற வீச்சுக்குப் பிச்சிக்கிட்டு வந்துரும்."

"இடது கையில அவ்ளோ வீச்சு இல்ல ராஜன்."

"வரும்" என்றார் ராஜன். "பட்டறைக்குக் கொண்டு வா. இன்னும் ரெண்டு சுத்து போடணும். ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் இதுலயே வீசுறோம். விதிப்படி முடியாதுன்னா நீ வீசு."

"ரிப்போட் போட்டுட்டீங்களாண்ணே?" என்று மெல்லக் கேட்டாள் உஷாராணி.

"என்ன காணாம போச்சுன்னு கேட்டாங்க." ராஜன் இறக்கையைப் பார்த்தபடியே சொன்னார். "இறக்கைன்னு சொல்ல வாய் வரல."

அவர் குனிந்து போல்டுகளை ஒவ்வொன்றாக முடுக்கினார். கிளைடரை வேலாயுதத்தின் இடது கையில் வைத்தார். தன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு அவருக்கு ஓர் அடி பின்னால் போய் நின்றார்.

"வீசு. நான் சொல்றேன்."

திருச்செல்வம் உஷாராணியின் கையைத் தொட்டுச் சைகை காட்டினார். இருவரும் மெதுவாகக் காருக்கு நடந்தார்கள்.

"பாஸ், எங்க வீட்டுக்கு வாங்களேன். அம்மா மீன் கறி வச்சிருக்காங்க. என் சமையல் இல்ல, பயப்படாதீங்க."

"இன்னொரு நாள் வரேன் உஷா. கிள்ளான் ரயில் ஸ்டேஷன்ல இறக்கி விட்டுடு. கொமுட்டர்ல போயிக்கறேன்."

"எப்பவும் இதான் சொல்றீங்க."

அவர் கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். அவள் சாவியைத் திருகப் போனாள்.

"கொஞ்சம் இரு" என்றார்.

வெளியிலிருந்து ராஜனின் குரல் வந்தது. விநாடிகளை உரக்க எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. பிறகு நின்றது. "ஏன்டா அங்க திருப்பினே?" என்று ஓர் அதட்டல். அதற்கு வேலாயுதம் ஏதோ சுடச்சுடப் பதில் சொன்னார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டார்கள். மறுபடி ராஜனின் குரல் ஒன்றிலிருந்து தொடங்கியது.

உஷாராணி சாவியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திருச்செல்வம் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்து, இருட்டும்வரை அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார்.